கத்திக்கு நாள் குறிப்பது

குடல்வளரி வெடித்த பிள்ளையை உடனே அறுப்பதா, மருந்தால் அடக்கி ஆறெட்டு வாரம் கழித்து அறுப்பதா? வழக்கு பழையது. 1902 ஜூனில் பிரித்தானிய அரசர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டைத் தள்ளிவைத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ட்ரீவ்ஸ் செய்ததும் சீழை வடித்ததுதான்; குடல்வளரியை அவர் எடுக்கவில்லை. ஆகஸ்டில் அரசர் முடி சூடினார்.

2011இல் வெளியான, அமெரிக்காவின் மெம்பிஸ் நகர ஆய்வு உடனடி அறுவையின் பக்கம் நிற்கிறது. 131 பிள்ளைகள், வழமைக்குத் திரும்ப உடனே அறுத்தவர்களுக்கு 13.8 நாள், காத்திருந்தவர்களுக்கு 19.4, சிக்கல்கள் 30 சதவீதம், 55 சதவீதம். எழுமாற்றாகப் பிரித்தது அதன் பலம். வெடித்ததா என்பதை வயிற்றைத் திறக்கும் முன்பே ஊகித்தது பலவீனம்.

கட்டி பிடித்த பிள்ளையின் கதை வேறு. குடல் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்போது பிரிக்கப் போனால் நல்ல குடலும் கிழியும். அங்கே மருந்தே முதலில். பிறகு குடல்வளரியை எடுத்தே ஆகவேண்டுமா? பிரிட்டன், சுவீடன், நியூஸிலாந்தில் 106 பிள்ளைகளை வைத்து 2017இல் வந்த ஆய்வில், எடுக்காமல் கண்காணித்தவர்களில் 12 சதவீதத்தினருக்கே ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. கேள்வி கூர்மை, விடை தெளிவு. ஓராண்டோடு கணக்கை மூடியதுதான் குறை. எல்லாம் சிறுவர் சத்திரசிகிச்சை நிலையங்களில் நடந்தவை என்பதையும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

இரண்டு ஆய்வுகளும் பிள்ளை வைத்தியசாலைக்கு வந்தபின்தான் எண்ணத் தொடங்குகின்றன. மன்னார்த் தீவின் பேசாலையில் கதை அதற்கு முன்பே பாதி முடிந்திருக்கும். ஆறு வயதுக்காரன் வலது காலை மடக்கியே கிடப்பான். நீட்டச் சொன்னால் சிணுங்குவான். வெடித்ததும் வலி சற்றுத் தணிய, "பிள்ளைக்குச் சுகமாயிட்டுது" என்று அம்மம்மா கஞ்சி காய்ச்சுவா. சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றுக்குள் சீழை மூடித் தடுக்கும் கொழுப்புத் திரை மெல்லியது. அந்த ஆறுதலுக்குள்ளேயே சீழ் பரவிவிடும்.

என் தீர்ப்பு இது. கட்டி பிடிக்காமல் வெடித்திருந்தால், சேலைனும் நுண்ணுயிர் எதிர்ப்பியும் ஏற்றிப் பிள்ளையைத் தேற்றி, அன்றே அறுக்க வேண்டும். கட்டி திரண்டு பிள்ளையும் நிலையாக இருந்தால் மருந்து, பெரிய சீழென்றால் வடிப்பு, பிறகு கண்காணிப்பு. கண்காணிப்பு என்பது கிளினிக்குக்குத் திரும்பி வருவது. தலைமன்னாரிலிருந்து மன்னார் நகரத்துக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர்; அது பெரிய தூரமல்ல. ஆனால் மீன்பிடிப் பருவத்தில் குடும்பமே வேறு கரையில் வாடி போட்டுவிட்டால் 12 சதவீதக் கணக்கு அந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது. அவனுக்கு வாடிக்குப் புறப்படுமுன் நாள் குறித்து எடுத்துவிடுவதே சரி. அதற்குக் கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியோடு, தகப்பன் எந்த மாதம் எந்தக் கரையில் தொழில் செய்வார் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.