மெம்டெஸ்டர் சொல்ற 'ஓகே'வை நம்பலாமா?

கோவை வீட்டு சர்வர்ல ஒரு வாரமா புரோகிராம்கள் காரணமில்லாம நின்னு போச்சு. பேக்கப் எடுத்த சில குடும்பப் போட்டோக்கள் மூலத்தோட ஒத்துப் போகல. சந்தேகம் ராம் மேலதான். ஆனா கேமரா, பேக்கப் எல்லாமே அந்தப் பெட்டியிலதானுங்க, நிறுத்த மனசில்ல.

இதுக்குன்னே சார்லஸ் கசபோன் எழுதுன மெம்டெஸ்டர் இருக்கு. லினக்ஸ் ஓடும்போதே கேட்ட அளவு மெமரியைப் பூட்டி, பலவித பிட் வரிசைகளை எழுதித் திரும்பப் படிச்சு ஒப்பிடும். 8 ஜிபியில் 5 ஜிபி கொடுத்தேன். எல்லாம் 'ஓகே'.

என் குறை இங்கதான். கெர்னலும் மற்ற புரோகிராம்களும் பிடிச்சிருக்கிற இடத்தை அது தொட முடியாது. எவ்வளவு கிடைச்சதுன்னு தொடக்கத்துல காட்டுது. முடிவுல 'டன்'னு மட்டும் சொல்லிட்டுப் போயிடுது. ஈரோடு மண்டியில் பிரிச்ச மூட்டை மஞ்சள் நல்லா இருந்தா, பிரிக்காத மூட்டைக்கு அது சாட்சியாகுமா?

அன்னிக்கு ராத்திரி நிறுத்திட்டு மெம்டெஸ்ட்86+ போட்டேன். அது தனியா பூட் ஆகி, கிட்டத்தட்ட முழு மெமரியையும் பார்க்கும். பிழை வந்துச்சு. ஒரு ராமைக் கழட்டினதும் சரியாச்சு.

2009ல் வெளிவந்த கூகுள் சர்வர் ஆய்வுல, வருஷத்துக்கு 8 சதவீதத்துக்கு மேல ராம்கள்ல பிழை பதிவாச்சு. அங்க இசிசி இருந்ததால தெரிஞ்சுது. நம்ம வீட்டுப் பெட்டிகள்ல பெரும்பாலும் அது கிடையாது.

அதனால மெம்டெஸ்டர் பிழை காட்டினா உடனே பேக்கப்பை நிறுத்துங்க. 'ஓகே' சொன்னா, விசாரணை முடியலைன்னு வச்சுக்கோங்க.