சோனியின் கணக்கில் விடுபட்டவை

கல்முனைப் பக்கத்துக் கேம் கடைகளில் பிளேஸ்டேஷன் 2 ஓடிய காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சின்ன அறையின் புழுக்கம் மறந்திருக்காது. பெருநாள் தொழுகை முடிந்த கையோடு, புதுச் சட்டை கசங்க, பெருநாள் காசைப் பொத்திக்கொண்டு முறைக்குக் காத்திருப்போம். ரிமோட்டின் இறப்பர் தேய்ந்து வழுவழுத்துப் போயிருக்கும். பத்தில் ஒன்பது பேர் கேட்பது ஃபுட்போல். மிஞ்சிய ஒருவன் கேட்பது 2005இல் வந்த ‘ஷேடோ ஒஃப் த கொலோசஸ்’. ஆளரவமற்ற நிலம், ஒருவன், அவன் குதிரை, பதினாறு பூதங்கள்; அவ்வளவுதான். “இதில ரெண்டு பேர் விளையாட ஏலாதே தம்பி” என்பார் கடைக்காரக் காக்கா. ரெண்டு பேர் விளையாடினால்தான் அவருக்கு வருமானம். ஆனாலும் அந்த டிஸ்க்கை அவர் கடையை விட்டு அகற்றவில்லை.

ஓடுகிற கேமும் வேண்டும், ஒருசிலர் மட்டும் தேடிவரும் கேமும் வேண்டும். கன்சோல் செய்யும் கம்பெனிக்கு இந்த இரண்டையும் ஒருசேரக் கட்டிக்காப்பது எவ்வளவு தூரம் முடியும்? சோனியின் அண்மைய வரலாற்றை வைத்தே இதை நிறுத்துப் பார்க்கலாம்.

2009இல் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனமும் சோனியின் ஜப்பான் ஸ்டூடியோவும் சேர்ந்து ‘டீமன்ஸ் சோல்ஸ்’ கேமை உருவாக்கின. மிகக் கடினமான கேம். அப்போது சோனியின் கேம் ஸ்டூடியோக்களின் தலைவராக இருந்த ஷுஹெய் யோஷிதாவால் அதன் தொடக்கத்தையே தாண்ட முடியவில்லை. இதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஜப்பானுக்கு வெளியே இது எடுபடாது என்று முடிவாயிற்று. அமெரிக்காவில் அதை வெளியிட்டது அட்லஸ், ஐரோப்பாவில் நம்கோ பண்டாய். அந்த விதையிலிருந்து முளைத்த ‘எல்டன் ரிங்’ 2022இல் வந்து, 2024க்குள் இரண்டரைக் கோடிப் பிரதிகள் விற்றது. கையில் இருந்ததை விட்ட சோனி, 2022இல் ஃபிரம்சாஃப்ட்வேரின் 14 சதவீதப் பங்கை விலை கொடுத்து வாங்கியது.

அந்தப் பங்கை வாங்குமுன் கம்பெனி என்ன செய்தது? 2021 ஏப்ரலில் ஜப்பான் ஸ்டூடியோவையே கலைத்தது. சோனியின் பக்க நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஸ்டூடியோ மெதுவாக வேலை செய்தது. 2009இல் அறிவித்த ‘த லாஸ்ட் கார்டியன்’ 2016இல்தான் கைக்கு வந்தது. விமர்சகர்கள் மெச்சிய பல கேம்கள் கடையில் தூங்கின. நட்டத்தை ஆண்டுக்கணக்கில் சுமக்கும்படி எந்த வியாபாரியிடமும் கேட்க முடியாது.

ஆனால் அதே தராசில் மறுபக்கத்தையும் வைக்க வேண்டும். 2023இல் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போன ஆவணங்களின்படி, சோனியின் ‘த லாஸ்ட் ஒஃப் அஸ்’ இரண்டாம் பாகத்துக்கான செலவு 22 கோடி டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 6,600 கோடி ரூபாய். இவ்வளவு கொட்டிச் செய்கிற கேம் ஒன்று விழுந்தால் ஒரு நிறுவனமே ஆட்டம் காணும். அது நடக்கவும் செய்தது. பல ஆண்டு உழைப்பில் உருவான ‘கொன்கோர்ட்’ 2024 ஓகஸ்ட் 23இல் வந்தது. பதினான்கு நாளில், செப்டம்பர் 6ஆம் திகதி, சோனியே அதை நிறுத்தி வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தது. செய்த ஸ்டூடியோவும் மூடப்பட்டது.

அதே செப்டம்பர் 6ஆம் திகதிதான் ‘அஸ்ட்ரோ பொட்’ வெளியானது. 60 பேரளவில், மூன்று ஆண்டுகளில் செய்த கேம். அந்த ஆண்டின் சிறந்த கேம் விருது அதற்கே கிடைத்தது. செய்தவர்கள் டீம் அசோபி, கலைக்கப்பட்ட ஜப்பான் ஸ்டூடியோவில் எஞ்சிய குழு. ‘ஏப் எஸ்கேப்’, ‘லோகோரோகோ’, ‘கிராவிட்டி ரஷ்’ என்று சோனி கைவிட்ட சிறு கேம்களின் பாத்திரங்களெல்லாம் அதற்குள் நடமாடுகின்றன. விற்கவில்லை என்று ஒதுக்கியவைதான் விருது மேடைவரை கூட வந்தன. சோனிக்கு எதிராக இதைவிட வலுவான சாட்சியை நான் காணவில்லை.

போட்டிக் கம்பெனியான நின்டெண்டோவின் வழி வேறு. ‘ஃபயர் எம்ப்ளம்’ தொடர் சோர்ந்தபோது, அடுத்தது இரண்டரை இலட்சம் விற்காவிட்டால் தொடரே முடிந்தது என்று எல்லை வகுத்தார்கள். 2012இல் வந்த ‘அவேக்கனிங்’ அதைத் தாண்டிப் பிழைத்தது. 2019இல் வந்த அடுத்தொரு பாகம் 40 இலட்சத்தைக் கடந்தது. இதில் இரக்கம் என்று ஒன்றுமில்லை. இரண்டரை இலட்சத்தில் பிழைக்கக்கூடிய அளவுக்குச் செலவை அடக்கி வைத்தார்கள், அவ்வளவே.

மறுபடி சோனிக்கு வருவோம்; இது நம் கரையையும் தொடுகிற கதை. 2015இல் வந்த ‘ஹெல்டைவர்ஸ்’ ஒரு சிறு கேம். சோனி அதைக் கைவிடாமல் வளர்த்தது. 2024 பெப்ரவரியில் வந்த இரண்டாம் பாகம் பன்னிரண்டு வாரத்தில் 1 கோடி 20 இலட்சம் விற்றது. சோனிக்கு இது தெரியாத வித்தை அல்ல என்பதற்கு இதுவே அத்தாட்சி. ஆனால் அந்த மே மாதம் கணினியில் விளையாடுவோரும் பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எதிர்ப்புக் கிளம்ப, சில நாளில் உத்தரவை விலக்கினார்கள். ஆனாலும் பிளேஸ்டேஷன் இணையச் சேவை இல்லாத 170க்கு மேற்பட்ட நாடுகளில் கேம் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. இலங்கையிலும் அந்தச் சேவை இல்லை. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் 70 டொலர் கேமுக்கு 21,000 ரூபாய் கொடுக்கத் துணிகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கட்டாரிலிருந்து வாப்பா அனுப்பும் காசு அது.

என் தீர்ப்பு இது: ‘ஹெல்டைவர்ஸ்’ நீங்கலாக, சிறு கேம்களில் சோனி பெற்ற வெற்றிகளைத் திட்டத்தின் பலனாகக் கொள்ள முடியாது, அழிக்கத் தவறியவை பிழைத்துக்கொண்டன. பெரிய கேம் செய்வது பிழையில்லை. ஒரு பெரிய கேமின் செலவில் பத்துச் சிறு குழுக்களை வாழவைக்கலாம் என்பதைக் கணக்கில் எடுக்காததே பிழை. ஜப்பான் ஸ்டூடியோவைக் கலைத்ததும் நம்மைப் போன்ற நாடுகளைப் பட்டியலுக்கு வெளியே விட்டதும் ஒரே பார்வையின் விளைவுகள். கல்முனையில் பிளேஸ்டேஷன் 5 வாங்குகிற பிள்ளை, கணக்குத் திறக்கும்போது தன் நாடு என்று வேறொரு நாட்டின் பெயரைத்தான் தெரிவுசெய்ய வேண்டியிருக்கிறது.