இரைச்சலுக்குள் ஒரு கேள்வி

திருவண்ணாமலை மௌனத்துக்குப் பெயர் போன ஊர் என்பார்கள். ஊருக்குள் கால் வைத்தவர்களுக்கு அங்கே மௌனம் அத்தனை சுலபத்தில் கிடைக்காது என்று தெரியும். பௌர்ணமி இரவில் மலையைச் சுற்றும் ஜனக்கூட்டம், கார்த்திகை தீபத்தன்று எழும் 'அரோகரா' கோஷம், சுவாமி புறப்பாட்டில் முழங்கும் தவில் எல்லாம் எட்டுகிற தூரத்தில்தான் ரமணர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை விருபாக்ஷ குகைக்குப் போய் "நான் யார்?" என்று கேட்டார். ரமணர் எழுதிக் காட்டிய பதில்கள் இன்று சிறு புஸ்தகமாக எல்லோர் கைக்கும் வந்துவிட்டன.

இதே கேள்வியை, காது அதிரும் மின்சாரக் கித்தார்களை வைத்துக்கொண்டு கேட்டவர்களும் உண்டு. சிங்கப்பூரில் தமிழ் இளைஞர்கள் 1992-இல் ஆரம்பித்த 'ருத்ரா' என்ற மெட்டல் கோஷ்டியைச் சொல்கிறேன். 1996-இல் கலைந்து மறுபடியும் சேர்ந்தார்கள். 1998-இல் முதல் இசைத்தட்டு. 2022-இல் 'எய்ட் மஹாவித்யாஸ்'. பேஸ் கித்தார் வாசித்துக்கொண்டே பாடும் கதிர், வேதாந்தம் முறையாகப் படித்தவர். நடுவே 2005, 2009, 2011 ஆகிய வருஷங்களில் 'பிரம்மவித்யா' என்ற தலைப்பில் மூன்று தட்டுகள் வந்தன. ஆதியான நான், கடந்து நிற்கும் நான், அழிவற்ற நான் என்பவை அந்த மூன்றின் துணைப் பெயர்கள். இளமை வேகத்தில் பிடித்த வேஷமானால் இரண்டு வருஷத்தில் கலைந்திருக்கும். இவர்கள் தலை நரைக்கும் வரை ஒரே கேள்வியை விடவில்லை.

"இந்தக் காட்டுக் கூச்சலுக்கும் வேதாந்தத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சபாவுக்குப் போகிறவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். ஆனால் கூச்சல் என்ற ஒரு சொல்லால் மட்டும் ஒரு சங்கீதத்தைத் தள்ளிவிடக் கூடாது. மெட்டல் தொழிற்சாலை ஊரில் பிறந்தது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து டோனி அயோமி, பதினேழாவது வயதில் தகட்டுத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடக்கை வாத்தியக்காரரான அவருக்குத் தந்தியை அழுத்துகிற கை அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குக் குல்லாய் செய்து மாட்டிக்கொண்டார். பிற்பாடு தந்திகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார். 1970-இல் 'பிளாக் சபத்' என்ற கோஷ்டியின் முதல் தட்டில் உலகம் கேட்ட அந்தக் கனத்த நாதத்துக்குப் பின்னால் அடிபட்ட விரல்கள் இருந்தன. நம்முடைய தவில்காரரும் வலக்கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு, இடக்கையில் கழி பிடித்துத்தானே ஊரை அதிரவைக்கிறார்? கோவிலுக்கு முரட்டு நாதம் புதிதல்ல.

சத்தத்தை நான் ஆக்ஷேபிக்கவில்லை. என் மனக்குறை சொல்லைப் பற்றியது.

ருத்ராவின் சங்கீதத்தில் வேகம் இருக்கிறது, கட்டுப்பாடு இருக்கிறது. சிவா என்பவரின் தாளக்கருவிகள் பொழிந்து தள்ளுகின்றன. இடையிடையே ஸம்ஸ்கிருத மந்திரங்கள் ஒலிக்கும்போது மனம் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருகிறது. உடனே அடித்தொண்டையிலிருந்து உறுமல் வருகிறது. உறுமுவது என்ன? பெரும்பாலும் ஆங்கிலம். கையில் அச்சடித்த பாட்டு இல்லாவிட்டால் அதுவும் புரிவதில்லை. 'நான் யார்' என்று விசாரிக்கிற பாட்டில் 'நான்' என்ற சொல்லே காதில் விழாவிட்டால் விசாரணை எப்படி நடக்கும்?

முடியாத காரியத்தைக் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். திருவண்ணாமலைக்கே உரிய அருணகிரிநாதர் இதைப் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே சாதித்துவிட்டார். கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கிக்கொண்டான் என்பது ஐதீகம். திருப்புகழ் படிக்கிறவர்களுக்கு அந்தக் குதியின் வேகம் சந்தத்திலேயே தெரியும். வல்லின எழுத்துக்கள் மத்தளம்போல் அடுக்கடுக்காக விழுகின்றன, மூச்சு வாங்குகிறது. ஆனால் ஓர் எழுத்து மங்குவதில்லை. மங்கினால் தாளமே குலைந்துபோகும். அங்கே சொல்லே வாத்தியம். ருத்ராவிலோ வாத்தியத்தின் அடியில் சொல் புதைந்துவிடுகிறது.

பாஷை விஷயத்தில் அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. சிங்கப்பூரில் எதிரே நின்று கேட்கிறவர்கள் மலாய்க்காரர்கள், சீனர்கள், தமிழர்கள். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது ஆங்கிலம். ஆங்கிலத்தில் பாடியதால்தான் அவர்கள் குரல் கடல் கடந்து போயிற்று. ஆனாலும் தமிழ் வீட்டில் பிறந்த ஒருவன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்விக்கு ஆங்கிலமும் ஸம்ஸ்கிருதமும் போதும், தமிழ் அவசியமில்லை என்று ஆகிவிடுகிறதே, அது வருத்தம் தருகிறது. அந்தக் கேள்வி தமிழில் இரண்டே சொல். அதைவிடச் சுருக்கமாக எந்தக் கித்தார்க்காரனுக்கும் பல்லவி அமையாது.

அடி முடி தேடிய கதை நடந்த ஸ்தலம் அண்ணாமலை. 'நான் பெரியவன், நீ பெரியவனா' என்று பிரம்மாவும் விஷ்ணுவும் சண்டையிட்டபோது நடுவே நெருப்பாக எழுந்தது அந்த மலை என்கிறார்கள். மேடையும் விளக்கும் கரகோஷமும் 'நான் பெரியவன்' என்ற எண்ணத்தைத்தான் வளர்க்கும். அந்த மேடையிலேயே நின்று 'நான்' என்பதைக் கேள்வியாக்கியது ருத்ராவின் துணிச்சல். அதை நான் மதிக்கிறேன். இனி வரப்போகிற தமிழ்ப் பையன்கள் கித்தாரை எவ்வளவு வேண்டுமானாலும் உரக்க முழக்கட்டும். கேள்வியை மட்டும் காதில் விழும்படி, தமிழில் கேட்கட்டும்.