பென்னி வசூலித்தவர்கள் பார்த்த வீடுகள்

1742 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரத்து மெதடிஸ்டுகள் கடனைப் பற்றிப் பேசத்தான் கூடினார்கள். கூடம் கட்ட வாங்கிய பணம் அடைபடவில்லை. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போட்டால் தீர்ந்துவிடும் என்றார் ஒருவர். கேப்டன் ஃபாய் என்று மரபு அவருக்குப் பெயர் சொல்கிறது. ஏழைகள் எங்கே போவார்கள் என்று கேள்வி வந்தது. பரம ஏழைகள் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், வாரந்தோறும் போய் வாங்குகிறேன், முடியாதவர்களுக்கு நானே போடுகிறேன் என்றார் அவர். மற்றவர்களும் அப்படியே பொறுப்பெடுத்தார்கள். வசூலுக்குப் போனவர்கள் பென்னியோடு செய்தியும் கொண்டுவந்தார்கள்: ஒருவர் மனைவியோடு சண்டையில் இருந்தார், இன்னொருவர் குடித்திருந்தார். இத்தனை நாள் தேடியது இதுதான் என்று மெதடிஸ்டுகளின் தலைவர் ஜான் வெஸ்லிக்கு உடனே பட்டது. மெதடிஸ்டுகளின் வகுப்புக் கூட்டம் பிறந்த கதை இது.

வெஸ்லியின் சிக்கல் பிரசங்கத்துக்குப் பிந்தைய சிக்கல். வசனம் கேட்டு அழுதவர் அடுத்த மாதம் என்ன ஆனார்? 1763-இல் பெம்புரோக்‌ஷயர் போனபோது, இருபது ஆண்டுகளாக அங்கே பிரசங்கத்துக்குக் குறைவில்லை, ஆனால் ஒழுங்கான சங்கங்கள் இல்லாததால் விழித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முன்னிலும் அயர்ந்து தூங்குகிறார்கள் என்று நாட்குறிப்பில் வருந்தினார். நம் ஊர் எழுப்புதல் கூட்டங்களுக்கும் இந்தக் கணக்கைப் போடலாம். போட்டுப் பார்க்கத்தான் யாரும் முன்வருவதில்லை.

சங்கத்தைச் சிறு பிரிவுகளாக்கிய வகுப்பின் அமைப்பு எளிது. ஏறக்குறைய பன்னிரண்டு பேர், ஒரு தலைவர், வாரம் ஒரு சந்திப்பு. தலைவர் போதகராக இருக்கத் தேவையில்லை. பெண்களும் தலைவர்களாக இருந்தார்கள். சேர விரும்புகிறவரிடம் விசுவாச அறிக்கை கேட்கப்படவில்லை, வரும் கோபத்துக்குத் தப்ப வேண்டும் என்ற ஆசை போதும். அந்த ஆசை உண்மையா என்பது நடத்தையில் தெரிய வேண்டும் என்றன 1743-இன் பொது விதிகள்: தீமை செய்யாதே, நன்மை செய், ஆராதனை, திருவிருந்து, ஜெபம், வேதவாசிப்பு இவற்றை விடாதே. சேர்வது சுலபம், நிலைப்பது கடினம். இன்றைய சபைகள் பலவற்றில் இது தலைகீழ். ஞானஸ்நான வகுப்பில் இருக்கும் கண்டிப்பு அதற்குப் பிறகு எங்கேயும் இல்லை. படிக்காத சுரங்கத் தொழிலாளியும் வீட்டு வேலைக்காரியும் தங்கள் ஆத்துமாவின் நிலையை வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது, அதைக் கேட்க ஆளும் கிடைத்தார்கள். கிறிஸ்தவ வாழ்வில் முதிர்ச்சிக்கு இதைவிடத் தேவையானது அதிகம் இல்லை என்பேன்.

ஆனால் வீடு தேடிப் போவது சீக்கிரமே நின்றது. தலைவர்களுக்கு நேரம் போதவில்லை. வேலைக்காரர்களைச் சந்திக்க எஜமானர்கள் விடவில்லை. வீட்டில் நாலு பேர் முன்னிலையில் மனம் திறக்க முடியவில்லை. எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டினார்கள். காரணங்கள் நியாயமானவை. கூடியதால் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும் பழக்கமும் வந்தது. இருந்தாலும் இழப்பு பெரியது என்றே நினைக்கிறேன். வீட்டுக்குப் போனவர் நடத்தையைக் கண்ணால் பார்த்தார். கூட்டத்தில் இருந்தவருக்குக் கிடைத்தது அந்த நடத்தையைப் பற்றிய பேச்சு. பேசத் தெரிந்தவர் தேறினவராகத் தெரிவார்.

அளவுகோலும் சரியில்லை. 1743-இல் நியூகாசில் சங்கத்திலிருந்து 64 பேரை நீக்கிய வெஸ்லி, காரணவாரியாக எண்ணிக்கையை எழுதிவைத்தார். குடிவெறி 17 பேர், மனைவியை அடித்தது ஒருவர், சோம்பல் ஒருவர். மிகப் பெரிய எண் 29. அவர்களின் குற்றம் விளையாட்டுத்தனமும் அக்கறையின்மையும். குடியைப் பார்க்கலாம். அக்கறையின்மையை எதை வைத்து அளப்பது? நீக்கப்பட்டவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானவர்கள் பிறர் கணிப்பில் தோற்றவர்கள். இவர்களில் மெல்ல வளர்கிறவர்களும், மனச்சோர்வில் ஒடுங்கியவர்களும் இருந்திருக்கக்கூடும். பொருளாசையும் மேட்டிமையும் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

அக நிலையை அறிவிக்கும் பழக்கம் எதிர்த்திசையிலும் வழுக்கியது. பூரண பரிசுத்தம் இம்மையிலேயே கிடைக்கும் என்று வெஸ்லி போதித்தார். தனக்குக் கிடைத்ததாக அவர் அறிவித்துக்கொள்ளவில்லை. லண்டன் சங்கத்தில் ஜார்ஜ் பெல் என்ற முன்னாள் படைவீரர் அறிவித்தார். 1763 பிப்ரவரி 28-இல் உலகம் முடியும் என்றும் சேர்த்துச் சொன்னார். பூரணம் அடைந்தவரைத் திருத்த யாருக்கு உரிமை? வெஸ்லி வெளிப்படையாக மறுத்தும் சங்கத்தில் பிளவு வந்தது, பலர் பிரிந்து போனார்கள்.

மிச்சத்தைச் சீட்டு பார்த்துக்கொண்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசாரித்துப் புதுப்பிக்கப்பட்ட வகுப்புச் சீட்டு முதலில் கண்காணிப்புக் கருவி. பின்னர் உறுப்பினர் அடையாளம். 19-ஆம் நூற்றாண்டில் சாட்சிகள் ஒரே வாய்பாட்டில் ஒலித்தன, மரியாதைக்குரிய நடுத்தர வர்க்கத்துக்குத் தன் பாவத்தை அண்டை வீட்டார் முன் சொல்வது கூச்சமாயிற்று. அமெரிக்காவில் தென்பகுதி மெதடிஸ்ட் சபை 1866-இல் கட்டாய வருகையைக் கைவிட்டது. கைவிடப்பட்டதை விட, அதற்கு முன்பே உயிர் போயிருந்ததுதான் கவனிக்க வேண்டியது.

இப்போது செல் குழு, வீட்டு ஜெபக்குழு என்று இதன் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்திருக்கின்றன. பாட்டு, வேதபாடம், ஜெப விண்ணப்பம், காப்பி. விண்ணப்பங்கள் பெரும்பாலும் வேலைக்கும் விசாவுக்கும் உடல்நலத்துக்கும். வீட்டில் நான் எப்படி நடந்துகொள்கிறேன் என்பது கேட்கப்படுவதில்லை. நியூகாசில் கடுமை வேண்டாம். வாரம் ஒருமுறை ஒருவர் இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டினால், அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தாலும் உள்ளே விடும் அளவுக்கு நெருக்கம் இருந்தால், பிரிஸ்டலில் தற்செயலாகக் கிடைத்ததை மறுபடி முயன்று பார்க்கலாம்.