'மெய்யழகன்': இழுவையா, நிதானமா?

சி. பிரேம்குமார் இயக்கிய 'மெய்யழகன்' 2024 செப்டம்பர் 27-இல் திரைக்கு வந்தது. "ரொம்ப இழுவைப்பா" என்று பலர் சொல்ல, சில நாள்களிலேயே சுமார் 18 நிமிடக் காட்சிகள் வெட்டப்பட்டன. அக்டோபர் இறுதியில் நெட்ஃபிளிக்சில் வந்ததும் வீட்டில் பார்த்த பலர், "அழ வைச்சிருச்சு" என்றார்கள். ஏன் இந்த மாற்றம்?

1996-இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னை போன அருள்மொழி (அரவிந்த்சாமி), 22 ஆண்டுக்குப் பின் நடுவயதில் தங்கை கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வருகிறார். அன்பைக் கொட்டும் உறவினர் (கார்த்தி) யாரென்றே தெரியவில்லை. பெயர் கேட்கக் கூச்சம். அந்த வெட்கம் முற்ற ஒரு முழு இரவு தேவை. ஆகவே நிதானம் குறையன்று.

கெமாஸில் எங்கள் வீட்டிலும் பார்த்தோம். லயத்தைக் காலி செய்து வந்த அம்மா, வீட்டைப் பிரியும் காட்சியில் எழுந்து உள்ளே போய்விட்டார். படிவம் 5 படிக்கும் மகனோ, "கதை நகரவே இல்லையேம்மா" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. வீரம், வரலாறு என்று கார்த்தி பேசும் இடங்களில் கதைமாந்தர் மறைந்து மேடைப் பேச்சாளர் தெரிகிறார். அவர் மிக நல்லவராகவே இருப்பதும் நம்பச் சிரமம்.

மாணவர்களே, தேர்வில் "படைப்பு மெதுவாகச் செல்கிறது" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எந்தக் காட்சி, அந்த நிதானம் கதைமாந்தருக்கு எதைத் தருகிறது என்று காட்டுங்கள். அதுதான் திறனாய்வு. எழுதும்முன், வீட்டுப் பெரியவர்களோடு ஒருமுறை படத்தைப் பாருங்கள்.