வில்லி லோமனும் விசாரணையற்ற வேலைநீக்கமும்

ஆர்தர் மில்லரின் ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ 1949ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் நியூயோர்க்கில் அரங்கேறிற்று. எலியா கஸான் நெறிப்படுத்திய அந்நாடகம் 742 தடவைகள் மேடையேறியதும், புலிற்சர் பரிசைப் பெற்றதும் இலக்கிய மாணவர் அறிந்தவை. அதைப்பற்றி எழுந்த விமர்சனங்களோ ஏராளம். ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை 63 வயதுக் கதாநாயகன் வில்லி லோமனின் மனத்தைத் துருவுவதிலேயே காலங்கழித்துவிட்டன. அவன் கண்டது பொய்க் கனவா, மகனுக்கு அவன் செய்தது துரோகமா, அரிஸ்ரோட்டில் வகுத்த இலக்கணப்படி அவன் துன்பியல் நாயகனாவானா என்பனவே அவர்கள் எழுப்பிய வினாக்கள். இவை வீண் வினாக்கள் என்று கூறமாட்டேன். மில்லரே அவ்வாண்டில் துன்பியலையும் சாதாரண மனிதனையும் பற்றிக் கட்டுரை எழுதி இவ்விவாதத்திற்கு இடங்கொடுத்தவர். ஆனால் இரண்டாம் அங்கத்திலே, ஓர் அலுவலக அறையிலே, சில நிமிட நேரத்துள் ஒரு மனிதனின் தொழில் பறிக்கப்படுகிறது. அக்காட்சியை ஒரு வேலைநீக்கமாகவே எடுத்து ஆராய்ந்தவர் மிகச் சிலர்.

உயர்தர வகுப்பிலே நான் இக்காட்சியைச் சொல்லி முடித்தபோது, பின்வாங்கில் இருந்த மாணவனொருவன் எழுந்து, “சேர், அந்த மனுசன் என்ன பிழை செய்தவர் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே?” என்று கேட்டான். பல்கலைக்கழகத்தில் நான் படித்த விமர்சனங்களுள் எதுவும் விஷயத்தை இவ்வளவு நேராகத் தொட்டதில்லை.

காட்சியை நினைவுகூர்வோம். 34 ஆண்டுகள் ஒரே கம்பனிக்காக ஊரூராகச் சென்று பொருள் விற்றவன் வில்லி. அவனுடைய சம்பளம் ஏற்கெனவே நிறுத்தப்பட்டுவிட்டது. புதிதாகச் சேர்ந்தவனைப் போல வெறுந் தரகுப்பணத்தில் தங்கியிருக்கிறான். கார் ஓட்டவும் இயலாத நிலையில், நியூயோர்க்கிலேயே ஏதாவதொரு வேலை தருமாறு கேட்க வருகிறான். முதலாளி ஹவார்ட் வாக்னருக்கு வயது 36; வியாபாரம் தந்தைவழி வந்தது. புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியொன்றில் மகளின் சீழ்க்கையையும், மாநிலத் தலைநகரங்களின் பெயர்களை மகன் ஒப்புவிப்பதையும் அவன் கேட்டு மகிழ்ந்துகொண்டிருக்கிறான். வாரத்திற்கு 65 டொலர் போதும் என்கிறான் வில்லி. பின்னர் 50 என்கிறான். பின்னர் 40. முடிவில், கம்பனியின் பிரதிநிதியாக அவன் இனி இருக்கவேண்டியதில்லை என்ற செய்தி வருகிறது. கூடவே ஓய்வெடுக்கும்படி ஓர் உபதேசம். பிள்ளைகள் உதவமாட்டார்களா என்றொரு விசாரிப்பு. மாதிரிப் பொருள்களை அவ்வாரத்துள் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி ஒரு கட்டளை.

குற்றச்சாட்டு எதுவும் கூறப்படவில்லை. விளக்கங் கேட்கப்படவில்லை. மேல்முறையிடுவதற்கு ஓர் இடமுமில்லை. இந்நிலையில் வில்லி எதைக்கொண்டு வாதாடுகிறான் என்பதே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது. ஹவார்ட் பிறந்தபோது அவனுக்குப் பெயர் வைப்பதுபற்றித் தந்தை தன்னிடம் கலந்து பேசியதைச் சொல்கிறான். அதே மேசைக்கு முன்னால் தரப்பட்ட வாக்குறுதிகளைச் சொல்கிறான். 1928இல் வாரத்துக்கு 170 டொலர் தரகு சம்பாதித்ததைச் சொல்கிறான். உரிமை இல்லாதவனுக்கு உறவைத் தவிர வேறு ஆயுதமில்லை. அவனுடைய இரங்கத்தக்க தன்மையைக் குணக்கேடு என்று எழுதிய விமர்சகர்கள், அவன் கையில் வேறென்ன இருந்தது என்று எண்ணிப் பார்த்தார்களா?

1928ஆம் ஆண்டுக் கணக்கை ஹவார்ட் மறுக்கிறான். வில்லி மிகைப்படுத்துகிறானா, நினைவு தடுமாறுகிறானா என்பது விமர்சகரின் நெடுநாள் விவாதம். முறையான விசாரணையொன்று நடந்திருந்தால் கணக்கேடு மேசைக்கு வந்திருக்கும். விவாதம் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். வில்லி குற்றமற்றவன் என்று நான் வாதிடவில்லை. அவனால் இப்போது விற்கமுடியவில்லை என்பதை நாடகம் ஒளிக்கவில்லை. ஆனால் குற்றமற்றவனுக்கு மட்டுமே விசாரணை உரியது என்றால், அவன் குற்றமற்றவன் என்பதை அறியும் வழிதான் என்ன?

அன்றைய அமெரிக்கச் சட்டமும் அவனுக்குத் துணைநின்றிருக்காது. முதலாளி விரும்பிய வேளையில், காரணம் சொல்லியோ சொல்லாமலோ வேலைக்காரனை நீக்கலாம் என்பதே அங்கு பொது விதி. 1935ஆம் ஆண்டின் ‘வாக்னர் சட்டம்’ தொழிற்சங்க நடவடிக்கைக்காக ஒருவரை நீக்குவதைத் தடைசெய்ததேயன்றி, இவ்விதியை அகற்றவில்லை. (முதலாளியின் பெயரும் வாக்னராக அமைந்தது தற்செயலாகவும் இருக்கலாம்.) வயதைக் காரணங்காட்டி நீக்குவதைத் தடுக்கும் சட்டம் 1967இலேயே வந்தது. இன்றும் மொன்ரானா என்ற ஒரு மாநிலம் மாத்திரமே, 1987இல் இயற்றிய சட்டத்தினால், தகுந்த காரணமற்ற நீக்கத்திற்குப் பொதுவான பரிகாரம் தருகிறது.

மில்லரிடம் எனக்கொரு குறையுண்டு. ஹவார்ட்டுக்கு எதிரே சார்லி என்ற நல்ல முதலாளியை நிறுத்தி, வாரம் 50 டொலர் சம்பளத்தில் அவன் தர முன்வரும் வேலையை வில்லி மறுப்பதாகக் காட்டுகிறார். இதனால் கெட்ட முதலாளி, நல்ல முதலாளி என்ற வேறுபாட்டிலே பிரச்சினை கரைந்துவிடுகிறது. வில்லிக்கு வர்க்க உணர்வை ஊட்டி, சங்கக் கொடியையும் கையிற் கொடுத்திருக்கவேண்டும் என்பார் நம் நண்பர் சிலர். அதை நான் ஏற்கவில்லை. தனியே காரில் அலையும் விற்பனையாளன் தன்னைத் தொழிலாளியென்றே நினைப்பதில்லை, அதுதான் யதார்த்தம். நாடகம் எங்கே சுட்டது என்பதை அதன் எதிரிகள் நன்கறிந்தார்கள். 1951இல் இது திரைப்படமானபோது, விற்பனைத் தொழிலின் பெருமையைப் பேசும் குறும்படமொன்றைத் தயாரித்து, அதையும் சேர்த்துக் காட்டப் படக்கம்பனி முனைந்தது. மில்லர் கடுமையாக ஆட்சேபித்தார்.

இந்நாடகம் அரங்கேறிய மறு ஆண்டிலே இலங்கையில் 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் பிறந்தது. 1957ஆம் ஆண்டுத் திருத்தம், நீக்கப்பட்ட தொழிலாளி தானே சென்று முறையிடக்கூடிய தொழில் நியாய சபைகளுக்கு வழிசெய்தது. வேலை ஒப்பந்தம் என்ன கூறினும், நீதியும் ஒப்புரவுமான தீர்ப்பை அச்சபை அளிக்கலாம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமோ, 15 பேருக்குக் குறையாத நிறுவனங்களில், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நீக்குவதாயின் அவரது எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ முன்கூட்டியே வேண்டும் என்றது. இவை தொழிலாளர் இயக்கத்தின் பேறுகள். ஆயினும், நீக்குவதற்கு முன் உள்ளக விசாரணை நடத்தாமை ஒன்றினாலேயே நம் நாட்டில் நீக்கம் செல்லாததாகிவிடாது. நீக்கம் நியாயமானதா என்பதைப் பின்னர் சபையே ஆராயும். வயிறு காய்ந்தபின் வரும் விசாரணை அது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் 40,000 பேரளவில் தொழிலிழந்தபோது, அவர்கள் நீக்கப்பட்டதாகக்கூட அரசாங்கம் சொல்லவில்லை. தாமாகவே பதவியை விட்டு விலகியவர்களாகக் கருதியது. உபதேசமாகப் பேசிய ஹவார்ட்டின் மொழி இதைவிட நாகரிகமானது எனலாம். தன்னைக் காத்துப் பேசும் வாய்ப்பளிக்காமல் எவரையும் நடத்தைக் காரணத்திற்காக நீக்கலாகாது என்னும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 1982ஆம் ஆண்டு, 158ஆம் இலக்கச் சமவாயத்தில் அமெரிக்காவும் சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை.

கேள்வி கேட்ட மாணவன் பாடம் முடிந்தபின் என்னிடம் வந்தான். அவனுடைய தந்தை ஒரு புடவைக்கடையில் பதினொரு ஆண்டுகள் நின்றவர். ஒரு மாலை கடை பூட்டும்போது, நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லப்பட்டதாம். கடையில் வேலைசெய்தவர் ஏழு பேர். ஆகவே 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு உதவாது. நியமனக் கடிதமும் இல்லை. “கடிதம் இல்லாட்டில் போகேலாதோ சேர்?” என்றான். தொழில் நியாய சபைக்குப் போகலாம் என்றேன். மறுநாட் பின்னேரம் தந்தையும் வந்தார். மூவருமாக இருந்து விண்ணப்பத்தை எழுதினோம். கூறப்பட்ட காரணம் என்ன என்பதை எழுதவேண்டிய இடத்தில் பையன் பேனையை நிறுத்தித் தந்தையின் முகத்தைப் பார்த்தான். காரணம் எதுவும் கூறப்படவில்லை என்று எழுதச் சொன்னேன்.