வளையும் மூக்கின் பழைய வர்ணம்

மணிக்கு 5 மைல் வேகத்தில் முட்டினாலும் விளக்கு முதலிய பாகங்களுக்குச் சேதம் நேரலாகாது என்று அமெரிக்க சர்க்கார் 1973-ஆம் வருஷத்து வண்டிகளுக்கு விதித்தபோது, கார்வெட் காரின் முன்புறத்துப் பளபளத்த குரோமிய பம்பர் மறைந்து, வண்டியின் வர்ணத்தையே பூசிக்கொண்ட யூரித்தேன் மூக்கு அதன் ஸ்தானத்தை அடைந்தது. அழுத்தினால் குழிந்து மறுபடி நிமிரும் அந்த வஸ்துவின் மேல், காலக்கிரமத்தில் மூன்று நான்கு தடவை ஏறிய வர்ணம், உடன் வளையும் குணமின்மையால், மயிரிழை விரிசல்களாக வெடித்துக் கிடக்கும். அதைக் களைந்தெடுக்கும் கைநேர்த்தியில் எனக்கு அலாதியான ரசனை உண்டு.

தகட்டுக்குத் தடவும் பெயிண்ட் ரிமூவர் இங்கே உதவாது. வர்ணத்தோடு நில்லாமல் யூரித்தேனையும் ஊறிப் பொதும்பச் செய்துவிடும். தேய்க்கும் மெஷினை வேகமாக ஓட்டினாலோ சூடேறி மேனி கெடும். ஆகவே நிபுணன், முதலில் மெழுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்துவிட்டு (சோம்பேறிகள் இதை விட்டுவிடுவார்கள், அந்த மெழுகை உப்புத்தாளே உள்ளே தேய்த்துப் புகுத்திவிடும்), 180-ஆம் நம்பர் தாளை மிருதுவான கட்டையில் சுற்றிக்கொண்டு, வளைவின் போக்கிலேயே கையை ஓட்டுகிறான். மேல் வர்ணம், அதன் கீழ் மற்றொன்று, அதற்கும் கீழ் தொழிற்சாலையில் பூசிய பிரைமர் என்று, அறுத்த மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல ஒவ்வொன்றாக வெளிப்பட்டு, கடைசியில் யூரித்தேன் எட்டிப் பார்த்ததும் கை தானே நின்றுவிட வேண்டும். இன்னும் நாலு இழுப்பு இழுத்தால், கம்பளிபோல் நார் நாராகக் கிளம்பிவிடும். தாளின் கரகர சப்தம் மந்தமாகும் அந்த க்ஷணத்தை அவன் காதுதான் முதலில் அறிகிறது, கண் பிறகுதான்.